பாலிஷ் போட்டா பெயின்ட் எவ்வளவு போகும்? ரோட்டரி, டிஏ, கைப்பாலிஷ், வாட்டர் பேப்பர்

மதுரை_கருப்பு_ஐ20

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி கருப்பு ஐ20, 2019 மாடல். முழுக்க கம்பெனி பெயின்ட், எங்கேயும் டிங்கரிங் வேலை பார்த்ததில்லை. அபார்ட்மென்ட்ல காலையில வண்டி துடைக்கிறவர் ஒரே துணியை ஒரே பக்கெட்ல முக்கி எல்லா வண்டியையும் துடைப்பார். இப்போ வெயில்ல நிறுத்தினா பானெட், டிக்கி, கதவு எல்லா இடத்திலயும் வட்ட வட்டமா மெல்லிய கோடு தெரியுது. போர் தண்ணி காய்ஞ்ச வெள்ளைப் புள்ளிகளும் பானெட்ல இருக்கு.

ரெண்டு இடத்துல விசாரிச்சேன். ஒருத்தர் ரோட்டரி மெஷின்ல (பேடு ஒரே அச்சுல வேகமா சுத்துற மெஷின்) ரப்பிங் பாலிஷ், அரை நாள்ல தர்றேன்னார். இன்னொரு இடத்துல டிஏ மெஷின்ல (டூயல் ஆக்‌ஷன், பேடு சின்ன வட்டத்துல ஆடிக்கிட்டே மெதுவா சுத்துற மெஷின்) மூணு ஸ்டேஜ் பாலிஷ், மேல செராமிக் பூச்சு. "டிஏ மெஷின்ல பெயின்ட் போகவே போகாது"ன்னு அடிச்சுச் சொல்றாங்க.

விலை எனக்குப் பிரச்சினை இல்லை. இந்த வண்டியை இன்னும் பல வருஷம் வெச்சிருக்கப் போறேன். எந்த முறையில எவ்வளவு பெயின்ட் தேயும்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்னு பார்க்கிறேன்.

திருச்சி_ரைடர்

ரோட்டரின்னா யோசிக்காம வேண்டாம்னு சொல்லிடுங்க ப்ரோ. பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துடும். டிஏதான் சேஃப்.

கோவை_டீட்டெயிலர்

"பெயின்ட் போகவே போகாது"ன்னு சொல்ற இடத்துல வண்டியை விடாதீங்க. பாலிஷ்னாலே தேய்ச்சு எடுக்கிற வேலைதான். கோடுங்கிறது மேல ஒட்டின அழுக்கு இல்லை, பள்ளம். அந்தப் பள்ளம் மறையணும்னா சுத்தி இருக்கிற மேட்டைப் பள்ளத்தோட அடி வரைக்கும் இறக்கணும். வேற வழி கிடையாது.

எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாதான் எவ்வளவு எடுக்கலாம்னு பேச முடியும். தகட்டுக்கு மேல முதல்ல மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கிற துருத்தடுப்புப் பூச்சு, சுமார் 20 மைக்ரான் (ஒரு மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அடுத்து பிரைமர், 30 - 35. அப்புறம் கலர், 15 - 20. கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட், 35 - 50. மொத்தமா 100 - 130ன்னு பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர்ல வரும். சில புது ஃபேக்டரிகள்ல பிரைமரைக் குறைச்சுட்டாங்க, அந்த வண்டிகள்ல 90க்குக் கீழேயும் காட்டும்.

நாம கை வைக்கக்கூடிய இடம் அந்தக் கிளியர் கோட் மட்டும்தான். ஒரு ஏ4 தாளே கிட்டத்தட்ட 100 மைக்ரான். கிளியர் அதுல பாதிக்கு மேல வராது. அதையும் முழுசா எடுக்க முடியாது, ஏன்னா வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குற சேர்மானம் அதுலதான் இருக்கு. ரொம்ப மெலிஞ்சு போச்சுன்னா கதிர் கலர் வரைக்கும் இறங்கும். கிளியருக்கும் கலருக்கும் இருக்கிற பிடிமானம் விடும். கொஞ்ச வருஷத்துல ரூஃப்லயும் பானெட்லயும் வெள்ளை பூத்து, செதிள் செதிளா உரியும். அதனால வண்டியோட ஆயுசு முழுக்கச் சேர்த்து கிளியர்ல கால் பங்குக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு நான் வெச்சிருக்கேன். அதாவது மொத்தமே 10 மைக்ரான் சுமார். அது திரும்ப வராது. மெழுகோ செராமிக்கோ பூசி அதைத் திருப்பிப் போட முடியாது.

இப்போ முறைகள். மென்மையான ஸ்பாஞ்ச் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் டிஏல ஓட்டினா ஒரு மைக்ரானுக்கும் குறைவா போகும், மீட்டர்ல தெரியவே தெரியாது. அதே டிஏல கட்டிங் காம்பவுண்டும் (நல்லா வெட்டுற தேய்ப்பு மருந்து) மைக்ரோஃபைபர் பேடும் போட்டு நாலைந்து தடவை ஓட்டினா சில மைக்ரான் போயிடும். ரோட்டரில கம்பளி பேடு, முரட்டு காம்பவுண்ட்னா அதுக்கும் மேல, அதுவும் சில நிமிஷத்துல. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டா இது எல்லாத்தையும் விட அதிகம். அந்தத் தாள்ல இருக்கிற துகளே சராசரியா 10 மைக்ரான் பருமன். 1500 நம்பர்னா 12க்கு மேல. தாள் போட்ட கோட்டை எடுக்க மறுபடி காம்பவுண்ட் போடணும், அந்தத் தேய்மானம் தனி.

ஒரே டிஏ மெஷின், பேடும் மருந்தும் மாறினா தேய்மானம் பல மடங்கு மாறுதுன்னு கவனிங்க. மெஷின் பேரை மட்டும் கேட்டுட்டு முடிவு எடுக்கக்கூடாது.

கரூர்_பெயின்டர்

ரோட்டரியை இப்படி ஆளாளுக்குத் திட்டுறதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு தம்பி. நான் பஸ் பாடியில பெயின்ட் வேலை ஆரம்பிச்சு இப்போ கார் பட்டறை வெச்சிருக்கேன். எங்க ஆளுங்க எல்லாம் ரோட்டரிலதான் வேலை கத்துக்கிட்டாங்க. புதுசா பெயின்ட் அடிச்ச பானெட்ல தூசி விழுந்திருக்கும், தோல் ஆரஞ்சுத் தோல் கணக்கா சொரசொரன்னு இருக்கும். அதை 2000ல தேய்ச்சு, 3000ல தேய்ச்சு, ரோட்டரில பாலிஷ் ஏத்தினாத்தான் கண்ணாடி மாதிரி நிக்கும். டிஏயை வெச்சுக்கிட்டு அந்த வேலைக்கு நாள் பூரா நிக்கணும்.

பெயின்ட் வெட்டுப்படுறது மெஷின்ல இல்ல, பிடிக்கிற கையில. எங்க வெட்டுப்படும்னு பாருங்க. கதவு ஓரம், பானெட் நடுவுல ஓடுற லைன், ஃபெண்டர் வளைவு. அங்க எல்லாம் பெயின்ட் அடிக்கும்போதே மெலிசாத்தான் நிக்கும். ஈரப் பெயின்ட் கூர்மையான இடத்துல நிக்காது, ரெண்டு பக்கமும் வடிஞ்சு விலகிடும். தெரிஞ்சவன் லைனுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத்தான் மெஷினைத் தொடுவான். மெஷின் சுத்துற திசை எப்பவும் ஓரத்தை விட்டு வெளியே போற மாதிரி பிடிப்பான். உள்ளே ஏறுற மாதிரி பிடிச்சா ஓரத்துல கவ்வும்.

பிளாஸ்டிக் பம்பர் இன்னொண்ணு. தகடு சூட்டை இழுத்துக்கும், பிளாஸ்டிக் இழுக்காது. ஒரே இடத்துல மெஷினை நிறுத்தினா பெயின்ட் குழைஞ்சு, சுருண்டுக்கிட்டு வந்துடும். வெயில்ல நின்ன வண்டியை நேரா கொண்டாந்து மெஷின் போடுறவனும் இருக்கான். தகடு ஆறணும், கை வெச்சா சில்லுன்னு இருக்கணும், அப்புறம்தான் பாலிஷ்.

கம்பளின்னா பயப்படுறாங்க. நல்லா வெட்டும், ஆனா ஸ்பாஞ்சை விட சூடு கம்மி. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கோவை_டீட்டெயிலர்

அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் சரி. நானும் ரோட்டரி வெச்சிருக்கேன். என் பேச்சு ரோட்டரிக்கு எதிரா இல்லை. வாசல்ல வாட்டர் சர்வீஸ் பண்ற இடத்துல, நேத்து சேர்ந்த பையன் கையில முரட்டு கம்பளியும் ரப்பிங் காம்பவுண்டும் கொடுத்து மத்தியான வெயில்ல ஓட்டவைக்கிறாங்களே, அதுக்குத்தான் எதிரா. நீங்க புது 2கே கிளியர்ல (ஹார்டனர் கலந்து பட்டறையில அடிக்கிற கிளியர்) வேலை பார்க்கிறீங்க, ரெண்டு கோட் நல்லா கனமா அடிச்சிருப்பீங்க, 50 - 60 மைக்ரான் இருக்கும். தேய்ச்சுத் தள்ள இடம் இருக்கு. கம்பெனிப் பெயின்ட்ல அந்த இடம் கிடையாது.

இயந்திரவியல்_மாணவி

இயந்திரப் பொறியியல் படிக்கிறேன், மெருகேற்றல் பற்றி ஒரு பாடம் உண்டு. இங்கே அது அப்படியே பொருந்துவதால் எழுதுகிறேன்.

கண்ணாடித் தகடு மெருகேற்றும் இயந்திரங்களைப் பற்றி பிரெஸ்டன் என்பவர் 1927-ல் கொடுத்த சமன்பாடு இன்றைக்கும் பயன்படுகிறது. தேயும் வேகம் = ஒரு மாறிலி × அழுத்தம் × உரசும் வேகம். அந்த மாறிலிக்குள் பேடு, மருந்தின் துகள், பெயின்ட்டின் கடினம் எல்லாம் அடங்கும். கிளியர் கோட் கண்ணாடியைப் போல நடக்காது, சூட்டில் இளகும், அதனால் துல்லியமான எண் கிடைக்காது. ஆனால் எது கூடினால் எது கூடும் என்று பார்க்க இது போதும்.

உரசும் வேகத்தைக் கணக்குப் போட்டேன். 18 செ.மீ. கம்பளி பேடு ரோட்டரியில் 1500 ஆர்பிஎம் ஓடினால், பேடின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் போகிறது. நடுவில் பூஜ்யம். 15 மி.மீ. வட்டத்தில் ஆடும் டிஏ நிமிடத்துக்கு 4000 ஆட்டம் ஓடினால், அந்த ஆட்டத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டர்தான், அதுவும் பேடு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. 21 மி.மீ. டிஏ என்றால் 4200-ல் நாலரை மீட்டர் வரும். டிஏ பேடு மெதுவாகச் சுழலவும் செய்யும், அது கூட்டுகிற வேகம் கொஞ்சம்தான்.

ஆக ஒரே பேடு, ஒரே மருந்து, ஒரே அழுத்தம் என்றால் ரோட்டரியின் விளிம்பு நாலு மடங்கு வேகமாக வெட்டும். விளிம்புக்கும் நடுவுக்கும் இருக்கும் இந்த வித்தியாசம்தான் ரோட்டரி விட்டுப்போகிற அந்த வால் வாலான பட்டைக் கோடுகளுக்கும் ஒரு காரணம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. தட்டையான பானெட்டில் 5 கிலோ எடை 18 செ.மீ. பேடு முழுக்கப் பரவும். அதே 5 கிலோ ஒரு லைன் மேல் ஏறும்போது விரல் அகலப் பட்டையில் மட்டும் விழும். அழுத்தம் பல மடங்கு ஏறுகிறது, அந்த இடத்தில்தான் பெயின்ட்டும் மெலிசு. கரூர் அண்ணா டேப் ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

டிஏ ஏன் பாதுகாப்பு என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. சும்மா ஆடுகிற டிஏவை ஒரு ஓரத்தில் அழுத்தினால் பேடு சுழல்வது நின்றுவிடும், வெறுமனே நடுங்கும். தப்பு செய்யும்போது அதுவே தளர்ந்துவிடுகிறது. கியர் வைத்துக் கட்டாயமாகச் சுழலும் டிஏக்களும் உண்டு, அவை நிற்காது. அவற்றை ரோட்டரிக்குப் பாதி வழியில் வைத்துப் பார்க்கவேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. ஒரு கோடு 3 மைக்ரான் ஆழம் என்றால், அதை முழுதாக மறைக்க 3 மைக்ரான் இறக்கியே ஆகவேண்டும். ரோட்டரி ஒரு நிமிடத்தில் இறக்கும், டிஏ ஐந்து நிமிடத்தில் இறக்கும். இறங்கும் அளவு ஒன்றுதான். எந்த முறையில் பெயின்ட் குறைவாகப் போகும் என்ற கேள்வியை, எந்த முறையில் தேவைக்கு மேல் போகாமல் நிறுத்த முடியும் என்று மாற்றிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மதுரை_கருப்பு_ஐ20

இதை நான் இப்படி யோசிச்சதே இல்லை. அப்போ எல்லாக் கோட்டையும் எடுக்கச் சொல்றதே தப்பா?

கோவை_டீட்டெயிலர்

அந்தக் கடைசிப் பத்தியைத்தான் நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புரியவைக்கப் பாடுபடுறேன். நன்றி தங்கச்சி.

மதுரை சார், ஆமா. துணி போட்ட வட்டக் கோடெல்லாம் பொதுவா ஓரிரு மைக்ரான் ஆழம்தான், அது சுலபமா போயிடும். நகத்தால குறுக்கே இழுத்துப் பாருங்க. நகம் மாட்டுற கோடு பாலிஷ்ல போகாது, போகவைக்கவும் கூடாது. நூத்துல தொண்ணூறு கோடு முதல் சுற்றிலேயே போயிடும். மிச்சம் பத்துக்காக மொத்த பானெட்டையும் இறக்கினா நஷ்டம் யாருக்கு? ஆழமான கோட்டை அப்படியே விட்டாலும் அதோட ரெண்டு கரையும் பாலிஷ்ல மழுங்கும். ஒளி கூர்மையா தெறிக்காது. மூணு அடி தள்ளி நின்னா கண்ணுக்கே படாது. கருப்பு வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா நூறு சதவீதம் வேணும்னு பிடிவாதமா கேட்கிறவங்க பெரும்பாலும் கருப்பு வண்டிக்காரங்கதான்.

தஞ்சை_கைவேலை

நான் எந்த மெஷினும் வைத்துக்கொள்வதில்லை. கையாலேயே காம்பவுண்ட் போட்டு, மைக்ரோஃபைபர் துணியில் தேய்க்கிறேன். கையால் தேய்த்தால் பெயின்ட் போகாது என்று நம்பலாமா?

இயந்திரவியல்_மாணவி

முழுப் பானெட்டைக் கையால் தேய்த்தால் மிகக் குறைவாகவே போகும் ஐயா. கை விநாடிக்கு ஒரு மீட்டர் போனாலே அதிகம். ஆனால் ஒரு கீறலைப் பார்த்து, இரண்டு விரலால் அழுத்தி, அதே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் கணக்கு மாறிவிடும். இரண்டு விரல் நுனியின் பரப்பு நாலைந்து சதுர செ.மீ. தான், பேடின் பரப்பு 250 சதுர செ.மீ. அழுத்தம் ஐம்பது மடங்கு கூட ஏறலாம். கீறல் இருந்த இடம் பள்ளமாகி, பக்கவாட்டில் பார்த்தால் மங்கலாகத் தெரியும். துணியை விரலில் சுற்றுவதற்குப் பதில், உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்பாஞ்ச் பேடைப் பிடித்துத் தேயுங்கள்.

கரூர்_பெயின்டர்

கையால ரப்பிங் காம்பவுண்ட் போடும்போது இன்னொண்ணு பாருங்க ஐயா. டப்பா திறந்தபடியே கிடந்தா மருந்து காய்ஞ்சு கட்டி தட்டும், மண்ணும் விழும். அதை எடுத்துத் தேய்ச்சா புதுக் கோடு போடும். பெயின்ட் தேயுறதைப் பத்தி மட்டும் பேசிக்கிட்டு இருக்கோம், தேய்க்கிறதுக்கு முன்னாடி வண்டியை ஒழுங்காக் கழுவாததுல வர்ற கோடுதான் ஜாஸ்தி.

சேலம்_செகண்ட்ஹேண்ட்

என் அனுபவம் உங்களுக்கு உதவும். பழைய செடான் ஒண்ணு வாங்கினேன், சிகப்பு. பார்க்கும்போது பளபளன்னு இருந்துச்சு. முன்னாடி வெச்சிருந்தவர் வருஷா வருஷம் "கோட்டிங் புதுப்பிச்ச" பில்லெல்லாம் பெருமையாக் காட்டினார். ரெண்டு கோடை தாண்டுறதுக்குள்ள ரூஃப்ல உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்து, அப்புறம் விரலால தேய்ச்சாலே செதிள் வர ஆரம்பிச்சுது. பெயின்டர் மீட்டர் வெச்சுப் பார்த்தார். கதவுக்குக் கீழே, யாரும் பாலிஷ் போடாத இடத்துல நல்ல அளவு. ரூஃப்லயும் பானெட்லயும் அதை விட நல்லாக் குறைவு. ரூஃப் முழுக்க மறுபடி அடிச்சதுதான் தீர்வு.

அந்த ஒவ்வொரு கோட்டிங்குக்கும் முன்னாடி ஒரு பாலிஷ் நடந்திருக்கு. அதைப் பத்தி யாரும் அவர்கிட்ட சொல்லவே இல்லை.

கோவை_டீட்டெயிலர்

சேலம் சார் சொன்னதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. இந்த ஊர்ல கிளியர் கோட் கொல்லப்படுறது இப்படித்தான். ஒரே ஒரு தடவை ரோட்டரி போட்டதால வண்டி கெட்டதை நான் அபூர்வமாத்தான் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு "பேக்கேஜ்" எடுத்து, ஒவ்வொரு தடவையும் கட்டிங் ஸ்டேஜ் முழுசா ஓட்டின வண்டிதான் என்கிட்ட அதிகம் வருது. ஒவ்வொரு தடவையும் போறது ஓரிரு மைக்ரான்தான். எட்டு வருஷம் கூட்டிப் பாருங்க.

செராமிக் பூச்சு எவ்வளவு கனம்னு கேட்டா பலர் மழுப்புவாங்க. ஒரு மைக்ரானைச் சுத்தித்தான் இருக்கும். அதுக்காக ஓரிரு மைக்ரான் கிளியரை வருஷா வருஷம் கொடுக்கிறது நியாயமே இல்லை. கோட்டிங் மேல மறுபடி போடணும்னா நல்லாக் கழுவி, களிமண் பார் போட்டு ஒட்டின துகளை எடுத்து, தேவைப்பட்ட இடத்துல மட்டும் லேசா ஃபினிஷிங் பாலிஷ் போட்டாப் போதும்.

அடுத்து, எண்ணெய் மருந்து. சில பாலிஷ்ல எண்ணெயும் நிரப்பிகளும் சேர்த்திருப்பாங்க. கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், வண்டி எடுக்கும்போது கோடே தெரியாது. நாலு வாட்டர் வாஷ்ல எல்லாம் வெளியே வந்துடும். பெயின்ட் குறைவாப் போச்சேன்னு அதை நல்லதுன்னு எடுத்துக்கலாம், நான் மறுக்கலை. ஆனா கோடு போயிடுச்சுன்னு சொல்லி விற்கிறது தப்பு. அதை விடக் கெடுதல், கோடு திரும்ப வந்துச்சேன்னு நீங்க மறுபடி பாலிஷ் போடப் போவீங்க. கடையிலேயே கேளுங்க, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணியும் கலந்து துடைச்சுட்டு டார்ச் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்போ தெரியும் நிஜமா எவ்வளவு போச்சுன்னு.

அம்பாசடர்_பிரியன்

எல்லாரும் கிளியர் கோட் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பழைய அம்பாசடரில் கிளியரே கிடையாது, நிறமே மேல் அடுக்கு. துணியில் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்தால் துணி முழுக்க வண்டியின் வெள்ளை நிறம் ஏறுகிறது. இது ஆபத்தா?

கரூர்_பெயின்டர்

உங்க வண்டிக்கு அது சகஜம் ஐயா. மேல வெயில்ல செத்துப்போன பெயின்ட் வருது, அடியில உயிரோட இருக்கிற கலர் வெளிய தெரியும். அந்தக் காலப் பெயின்ட் கொஞ்சம் கனமாவும் நிக்கும். ஆனா ஓரங்கள்ல அடியில பிரைமர் நிறம் எட்டிப் பார்க்குதான்னு பார்த்துக்கிட்டே தேய்ங்க. மெலிசான பேடு, மெலிசான மருந்துலயே ஆரம்பிங்க.

ஆனா கிளியர் போட்ட வண்டியில துணியிலயோ பேடுலயோ வண்டியோட கலர் ஏறினா அந்த நிமிஷமே மெஷினை நிறுத்திடணும். கிளியர் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி மேட் ஃபினிஷ் வர்ற வண்டிகளுக்கு பாலிஷே போடக்கூடாது. தேய்ச்ச இடம் மட்டும் பளபளக்கும், திருப்பிக் கொண்டுவர முடியாது.

திருச்சி_ரைடர்

சரி, மீட்டர் வெச்சு முன்னாடி ஒரு ரீடிங், பின்னாடி ஒரு ரீடிங் எடுத்தா யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு தெரிஞ்சிடுமே? ஏன் இவ்வளவு விவாதம்?

கோவை_டீட்டெயிலர்

பாதி தெரியும். தகட்டுக்கு மேல இருக்கிற மொத்தக் கனத்தைத்தான் சாதாரண மீட்டர் காட்டும். கிளியர் தனியா எவ்வளவுன்னு காட்டாது. இரும்புல காந்த முறை, அலுமினிய பானெட்ல வேற முறை, ரெண்டும் உள்ள மீட்டர்தான் வாங்கணும். பிளாஸ்டிக் பம்பர்ல எதுவும் வராது. அதுக்கு ஒலி அலை மீட்டர் வேணும், அது அடுக்கு அடுக்காவும் பிரிச்சுக் காட்டும், விலை கார் சர்வீஸ் கடை வாங்குற விலையில இல்லை.

ஒரே இடத்துல ரெண்டு தடவை வெச்சாலே ஒன்றிரண்டு மைக்ரான் முன்னப்பின்ன ஆடும். அரை அடி தள்ளி வெச்சா ஃபேக்டரிப் பெயின்ட்டே ஏழெட்டு மைக்ரான் வித்தியாசம் காட்டலாம். டேப் ஒட்டிக் குறிச்சு, அதே புள்ளியில பல தடவை எடுத்துச் சராசரி போட்டாத்தான் அர்த்தம். அப்படியும் ஃபினிஷிங் பாலிஷ் எடுத்த அரை மைக்ரானைப் பிடிக்க முடியாது. மீட்டரோட உண்மையான உபயோகம் வேற. 200க்கு மேல காட்டினா மறுபடி பெயின்ட் அடிச்ச இடம், அதையும் தாண்டி எகிறினா அடியில பட்டி இருக்கு. எல்லா இடமும் 110 காட்டி, ஒரு இடம் மட்டும் 80 காட்டினா அங்க யாரோ ஏற்கெனவே நல்லாத் தேய்ச்சிருக்காங்க, அங்க மெஷினைக் கொண்டுபோகாதேன்னு சொல்லும்.

இயந்திரவியல்_மாணவி

மீட்டரால் பிடிக்க முடியாததைத் தராசால் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது.

20 செ.மீ.க்கு 20 செ.மீ. தகடு ஒன்றை எடுத்தால் பரப்பு 400 சதுர செ.மீ. அதில் ஒரு மைக்ரான் தேய்ந்தால் போகிற கன அளவு 0.04 கன செ.மீ. காய்ந்த கிளியரின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கூடுதல், ஆக எடை சுமார் 45 மில்லிகிராம் குறையும். 0.7 மி.மீ. இரும்புத் தகடு அந்த அளவில் 220 கிராம் வரும். 300 கிராம் தாங்கி, மில்லிகிராம் வரை காட்டும் தங்க நகைத் தராசு போதும். பத்தில் ஒரு மைக்ரான் கூடத் தெரியும். என் சித்தப்பாவின் நகைப் பட்டறையில் அப்படி ஒன்று இருக்கிறது.

ஒரே பானெட்டில் இருந்து சம அளவுத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. டிஏவில் மென்மையான ஸ்பாஞ்ச், டிஏவில் மைக்ரோஃபைபர், ரோட்டரியில் ஸ்பாஞ்ச், ரோட்டரியில் கம்பளி, கை, 2000 நம்பர் தாள். தாளைத் தவிர மருந்து எல்லாவற்றுக்கும் ஒன்று. நேரமும் ஒன்று. முடிந்ததும் எண்ணெய் போகத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு நிறுக்கவேண்டும். பெயின்ட் ஈரம் இழுக்கும் என்பதால் தேய்க்காத ஒரு துண்டையும் கூடவே நிறுத்துக்கொண்டே வரவேண்டும்.

எனக்கு இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். மெஷினை மாற்றினால் அதிகம் மாறுகிறதா, பேடை மாற்றினால் அதிகம் மாறுகிறதா? அடுத்தது, ஒரே ஆழக் கோட்டை மறைக்கும் வரை ஓட்டினால் எல்லா முறையிலும் எடை ஒரே அளவு குறைகிறதா? குறைந்தால் நான் மேலே சொன்னது நிரூபணமாகும்.

கோவை_டீட்டெயிலர்

அருமையான யோசனை. பேடுதான் ஜெயிக்கும்னு நான் சொல்றேன். மெஷின், பேடு, மருந்து எல்லாம் நான் கொண்டுவர்றேன். தகட்டை வெட்டும்போது மட்டும் கவனம். கட்டிங் வீல் போட்டா விளிம்புல பெயின்ட் வெந்துடும், ஷியர்ல (தகடு வெட்டுற கத்தரி) வெட்டினா நல்லது. பாலிஷ் போடும்போது விளிம்பைச் சுத்தி டேப் ஒட்டிட்டு நடுவுல மட்டும் ஓட்டலாம், இல்லேன்னா விளிம்புல தேயுறது கணக்கைக் கெடுக்கும். அப்போ பரப்பையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுப் போட்டுக்கணும்.

மதுரை_கருப்பு_ஐ20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. என் முடிவு: ரெண்டு கடையிலயும் இப்போ போகப் போறதில்லை. காலையில துடைக்கிறவர்கிட்ட பேசிட்டேன், தூசி மேல துணி போடவேண்டாம்னு. அவருக்கு மாசச் சம்பளம் அப்படியேதான், டயரும் கண்ணாடியும் பார்த்துக்கிட்டாப் போதும். வாரம் ஒரு தடவை நானே கழுவிக்கிறேன். மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை பாலிஷ். அப்போ கடையில என்னென்ன கேட்கணும்? அந்தத் தண்ணிப் புள்ளிகளுக்கும் பாலிஷ்தானா?

கோவை_டீட்டெயிலர்

புள்ளிக்கு முதல்ல அதுக்குன்னே விற்கிற அமில வகை வாட்டர் ஸ்பாட் ரிமூவர், நிழல்ல, பெயின்ட் ஆறின பிறகு. உப்பு மேல மட்டும் படிஞ்சிருந்தா தேய்மானமே இல்லாம கரைஞ்சு போயிடும். பெயின்ட்டை அரிச்சுட்டு உள்ளே இறங்கியிருந்தா மட்டும்தான் பாலிஷ்.

கடையில மெஷின் பேரைக் கேட்காதீங்க. முதல்ல பானெட்ல ஒரு அடி இடத்துல, இருக்கிறதுலயே மென்மையான பேடும் மருந்தும் வெச்சுச் சோதனை பண்ணிக் காட்டச் சொல்லுங்க. முக்கால்வாசிக் கோடு போயிட்டா அதே கூட்டணியை வண்டி முழுக்க ஓட்டினாப் போதும், மூணு ஸ்டேஜ் வேண்டாம். போகலைன்னா ஒரு படி மட்டும் ஏத்தலாம். எல்லா பேனல்லயும் மீட்டர் ரீடிங் எடுத்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை வேற கடைக்குப் போனாலும் அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கும். லைன்லயும் ஓரத்துலயும் டேப் ஒட்டுறாங்களான்னு நேர்ல நின்னு பாருங்க.

கரூர்_பெயின்டர்

அந்த மாணவி பொண்ணுக்கு: என் பட்டறையில ஆக்சிடென்ட் வண்டியில கழட்டின பானெட் ஒண்ணு கிடக்குதும்மா. ஒரு மூலைதான் நசுங்கியிருக்கு, மிச்சமெல்லாம் கம்பெனிப் பெயின்ட், யாரும் தொடலை. ஷியரும் இருக்கு, உங்களுக்கு வேணும்கிற அளவுக்கு வெட்டித் தர்றேன். எல்லாத் துண்டும் நடுப்பகுதியில இருந்தே வரணும்ல, லைன் வர்ற இடத்தை விட்டுடறேன். ரோட்டரி பக்கத்தை நானே ஓட்டுறேன், கோவைத் தம்பி டிஏ ஓட்டட்டும்.

இயந்திரவியல்_மாணவி

மிக்க நன்றி அண்ணா. தீபாவளி விடுமுறையில் சித்தப்பாவோடு தராசையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். முடிந்தால் உங்கள் பட்டறையில் 2கே கிளியர் அடித்த தகடும் ஒன்று வைத்திருங்கள், கம்பெனிப் பெயின்ட் அதை விடக் கடினமா என்பதையும் கூடவே பார்த்துவிடலாம்.

கரூர்_பெயின்டர்

இன்னிக்கே அடிச்சு வெச்சுடறேன். விடுமுறை வர்றதுக்குள்ள நல்லா காய்ஞ்சுடும்.